17,796 காசு அடிச்சாங்க, தப்பிச்சது மூணு: அமெரிக்காவின் முதல் தங்கக் காசுகள்

1/
2021 மார்ச் மாசம் அமெரிக்காவில் ஒரு தங்கக் காசு ஏலத்துக்கு வந்தது. எடை 8.75 கிராம். நம்ம கணக்குல ஒரு பவுனும் முக்கால் கிராமும். 22 கேரட். முகமதிப்பு 5 டாலர். அடித்த வருஷம் 1822.

ஏலம் போன விலை 84 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 60 கோடி ரூபாய்க்கு மேல்.

2/
அதே காசை அன்றைக்கு உருக்கி வித்திருந்தால்? அன்றைய தங்க விலைக்குச் சுமார் 450 டாலர் தேறியிருக்கும். அவ்வளவுதான்.

அப்போ மீதி எண்பத்து மூணு லட்சத்துச் சொச்சம் டாலர் எதுக்கு? இந்த இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். நடுவில் மஞ்சள் காய்ச்சல், ரத்தம் இறக்கும் டாக்டர், காசு திருடின டாக்டர், இன்சுலின் கம்பெனி எல்லாம் வரும். பொறுமையா வாங்க.

3/
விலைக்குக் காரணம் கேட்டால் பொதுவா மூணு பதில் வரும். "தங்கமாச்சே", "பழசாச்சே", "கம்மியா அடிச்சிருப்பாங்க".

தங்கத்தோட பங்கு எவ்வளவுன்னு மேலேயே பார்த்தாச்சு. மற்ற இரண்டுக்கும் ஒரு சின்னக் கணக்கு. மூணுமே அமெரிக்காவின் 5 டாலர் தங்கக் காசு. அரைக் கழுகுன்னு பேரு (10 டாலர் காசுக்குப் பேரு கழுகு).

4/
1795: 8,707 அடித்ததாகக் கணக்கு. இன்று சில நூறு இருக்கு.
1815: 635 மட்டுமே அடித்தார்கள். இன்று 11 போல இருக்கு.
1822: 17,796 அடித்ததாகக் கணக்கு. இன்று இருப்பது 3.

நல்லா பாருங்க. மூணில் பழசு 1795. ஆனா அதுதான் அதிகம் கிடைக்குது. மூணில் அதிகம் அடித்தது 1822. ஆனா அதுதான் மிச்சமே இல்லை.

5/
மருத்துவத்தில் எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லித்தர்ற விஷயம் இது. எத்தனை பேர் வார்டுக்கு வந்தாங்கன்னு பார்த்தால் நோயின் கதை தெரியாது. எத்தனை பேர் பிழைச்சுப் போனாங்க, மத்தவங்க எதனால போனாங்கன்னு பார்க்கணும்.

இந்தக் காசுகளுக்கும் அதே கேள்விதான். 17,793 காசு எதனால செத்துச்சு?

6/
பதில் ஒரு சட்டத்தில் இருக்கு. 1792 ஏப்ரல் 2. அமெரிக்கா பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகுது. சொந்தக் காசு கிடையாது. கடைத்தெருவில் ஸ்பெயின் வெள்ளி டாலர், போர்ச்சுகல் தங்கக் காசு, இங்கிலாந்துக் காசு எல்லாம் கலந்து ஓடுது. சொந்தமா காசு அடிப்போம்னு நாடாளுமன்றம் நாணயச் சட்டம் போட்டது.

7/
சட்டத்தின் மூளை அலெக்சாண்டர் ஹாமில்டன், முதல் நிதி அமைச்சர். தங்கம், வெள்ளி இரண்டுமே பணம் என்று வைத்தார். இரண்டும் பணம்னா ஒன்றுக்கு இன்னொன்று எத்தனைன்னு சொல்லணும் இல்லையா? அன்றைய சந்தையைப் பார்த்து 15 என்று வைத்தார். அதாவது 1 எடை தங்கம் = 15 எடை வெள்ளி.

இந்த 15-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. கொலைகாரன் இவன்தான்.

8/
தங்கத்தின் தரம் 12-ல் 11 பங்கு. 11-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்க: 0.9167. ஆமாம், நம்ம நகைக்கடைப் பலகையில் இருக்கிற அதே 916! இங்கிலாந்துத் தங்கக் காசின் தரம் அது. அமெரிக்கா அதையே எடுத்துக்கிட்டது. நாம "சவரன்" என்று சொல்வதும் இங்கிலாந்தின் அதே தரக் காசின் பேர்தான். ஒரே குடும்பம்.

9/
எடையைக் கிரெயின் கணக்கில் வைத்தார்கள். பழைய மருந்துச் சீட்டு பார்த்தவங்களுக்குத் தெரியும்: 5 கிரெயின் ஆஸ்பிரின் என்பதுதான் இன்றைய 325 மில்லிகிராம் மாத்திரை. அரைக் கழுகு 135 கிரெயின். அதில் சுத்தத் தங்கம் 123.75 கிரெயின், அதாவது 8 கிராம்.

காசின் தரத்தைக் குறைத்தோ, தங்கத்தைச் சுருட்டியோ மாட்டினால் நாணயச் சாலை ஊழியருக்கு என்ன தண்டனை தெரியுமா? மரணம். சட்டத்திலேயே எழுதியிருக்கு.

10/
சட்டம் 1792-ல். முதல் தங்கக் காசு வெளியே வந்தது 1795 ஜூலை 31. மூணு வருஷம் ஏன்?

தங்கம், வெள்ளியைக் கையாளும் இரண்டு அதிகாரிகள் தலா 10,000 டாலருக்குப் பிணை காட்டணும்னு விதி. அவங்க வருஷச் சம்பளமே 1,500 டாலர். யார் பிணை நிற்பா? 1794-ல் தொகையைக் குறைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அதுவரைக்கும் செப்புக் காசு மட்டும்தான்.

11/
இன்னொரு தடங்கல், கொசு.

நாணயச் சாலை இருந்தது பிலடெல்பியாவில். அப்போ அதுதான் தலைநகரம். 1793 கோடையில் அங்கே மஞ்சள் காய்ச்சல் வந்தது. சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் சுமார் 5,000 பேர் செத்தாங்க. பத்தில் ஒருத்தர். அரசாங்கமே ஊரைக் காலி செய்தது. காசுக்கு அச்சு செதுக்கிய ஓவியர் ஜோசப் ரைட்டும் அந்தக் காய்ச்சலில் போனார்.

12/
காரணம் ஏடிஸ் எஜிப்டி கொசு. நம்ம ஊரில் டெங்கு பரப்புற அதே கொசு. ஆனா அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று, துறைமுகத்தில் அழுகிய காபிக் கொட்டைன்னு என்னென்னவோ சொன்னாங்க. கொசுதான்னு 1881-ல் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சொன்னார். 1900-ல் வால்டர் ரீட் குழு நிரூபித்தது.

1797, 1798, 1799 என்று வரிசையாகக் காய்ச்சல் வந்து நாணயச் சாலையை மூடினாங்க. பழைய காசுகளில் சில வருஷங்கள் ஏன் குறைவா இருக்குன்னு தேடும்போது இந்த மூடலையும் கணக்கில் எடுத்துக்கணும்.

13/
இதில் எங்க ஆளுங்க வேற இருக்காங்க. நாணயச் சாலையின் பொருளாளரா இருந்தவர் நிக்கோலஸ் வே. ஒரு மருத்துவர். 1797-ல் மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்தார்.

அந்த நாற்காலிக்கு அடுத்து வந்தவரும் மருத்துவர். பேரு பெஞ்சமின் ரஷ். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்.

14/
ரஷ் 1793 காய்ச்சலில் ஊரை விட்டு ஓடாம நின்னு வைத்தியம் பார்த்தவர். அந்தத் தைரியத்துக்கு ஒரு சல்யூட். ஆனா வைத்தியம் என்ன? பாதரசம் கலந்த பேதி மருந்து, அப்புறம் நரம்பைக் கீறி ரத்தம் இறக்குவது. அதுவும் அளவே இல்லாம. காய்ச்சலில் நீர் வற்றிக் கிடக்கிற நோயாளிக்கு இது என்ன செய்யும்னு இன்றைக்கு ஒரு நர்சிங் மாணவிகூடச் சொல்லிடுவாங்க.

15/
வில்லியம் காபெட் என்கிற பத்திரிகைக்காரர் அவரைக் கிழி கிழின்னு கிழித்தார். ரஷ் அவதூறு வழக்குப் போட்டார். 1799 டிசம்பர் 14-ல் தீர்ப்பு: 5,000 டாலர் நஷ்டஈடு. அதே நாளில்தான் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். அவருக்கும் மருத்துவர்கள் அன்று பலமுறை ரத்தம் இறக்கியிருந்தாங்க.

இந்தச் சர்ச்சைகளில் ரஷ்ஷோட பிராக்டீஸ் படுத்துருச்சு. 1797-ல் கிடைத்த பொருளாளர் வேலையை 1813-ல் சாகும் வரை பார்த்தார். இன்று ஏலத்தில் போகிற பல காசுகள் அவர் கணக்கு எழுதிய காலத்துக் காசுகள்.

16/
சரி, காசு எப்படி அடித்தாங்க? தங்கத்தைக் கட்டியா வார்த்து, தகடாக்கி, வட்ட வில்லையா வெட்டி, ஒவ்வொன்றையும் தராசில் போடணும். குறைவா இருந்தால் திரும்ப உருக்கு. கூடுதலா இருந்தால் அரம் போட்டுத் தேய். பிறகு கையால் சுழற்றும் திருகு அச்சில் வைத்து அழுத்து.

17/
தராசும் அரமும் பிடித்தது பெண்கள். 1795-ல் சாரா வால்ட்ரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்று இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்தாங்க. நாள் கூலி 50 சென்ட். அவங்க தேய்க்கிற ஒரு அரைக் கழுகு அவங்களோட பத்து நாள் கூலி. கூடுதல் தங்கத்தைத் தேய்ச்ச பொடிகூட வெளியே போகக் கூடாது.

அந்த அரத்தின் கோடுகள் இன்றைக்கும் பல காசுகளில் தெரியும். இது ரொம்ப முக்கியம், விலை பேசும்போது திரும்ப வருவேன்.

18/
இன்னொரு வேடிக்கை: 1807-க்கு முன்னால் அடித்த அமெரிக்கத் தங்கக் காசில் "இத்தனை டாலர்" என்று எழுதவே இல்லை. தேவைப்படலை. வாங்குறவன் தராசில் போட்டுத்தான் வாங்கினான். 1807-ல் ஜான் ரைக் செதுக்கிய புது அரைக் கழுகில்தான் "5 டி." என்று போட்டாங்க.

எடைதான் மதிப்பு. இந்தப் பழக்கம்தான் பிறகு காசுகளுக்கு எமனா வந்தது.

19/
இப்போ அந்த 15-க்கு வருவோம். அமெரிக்கச் சட்டத்தில் 1 தங்கம் = 15 வெள்ளி. 1803-ல் நெப்போலியன் காலத்துப் பிரான்ஸ் தன் சட்டத்தில் 1 தங்கம் = 15.5 வெள்ளி என்று வைத்தது.

அரை எண்தானே வித்தியாசம், என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கிறீங்களா?

20/
நீங்க ஒரு பிலடெல்பியா வியாபாரி. 15 கிலோ வெள்ளிக்கு ஈடான வெள்ளி டாலரைக் கொடுத்து 1 கிலோ தங்கத்துக்கு ஈடான தங்கக் காசு வாங்குறீங்க. கப்பலில் ஏத்தி பாரிசுக்கு அனுப்புறீங்க. அங்கே காசை உருக்கினால் பதினைந்தரை கிலோ வெள்ளி. கப்பல் கூலி போக மிச்சம் லாபம். அந்த வெள்ளியோட திரும்ப வாங்க. மறுபடியும் தங்கம் வாங்குங்க.

21/
நியாயமா யோசிச்சா அதில் ஒரு தப்பும் இல்லை. அவங்கவங்க காசு. நாணயச் சாலை அன்றைக்குத் தன் தங்கத்தில் காசு அடிக்கலை. வியாபாரியும் வங்கியும் கொண்டுவந்து கொடுத்த தங்கத்தில்தான் அடித்துக் கொடுத்தது. என்ன மதிப்புக் காசா வேணும்னு கேட்கிறதும் அவங்கதான்.

அதனால புதுத் தங்கக் காசு பல சமயம் கடைத்தெருவையே பார்க்கலை. நாணயச் சாலையிலிருந்து வங்கிப் பெட்டகம், பெட்டகத்திலிருந்து கப்பல், கப்பலிலிருந்து உலை.

22/
1804-ல் 10 டாலர் கழுகு அடிப்பதையே நிறுத்திட்டாங்க. பெரிய காசுதான் ஏற்றுமதிக்கு வசதி, அதை அடிச்சுக் கொடுத்து என்ன பயன்னு. பிறகு 1838 வரைக்கும் அந்தக் காசு புழக்கத்துக்கு வரலை. இடையில் அரைக் கழுகு வந்துக்கிட்டே இருந்தது, போய்க்கிட்டே இருந்தது.

23/
நெப்போலியன் போர் முடிந்ததும் இங்கிலாந்து தங்கத்தையே பணத்தின் அடிப்படையா ஆக்கிக்கிட்டது. 1821-ல் இங்கிலாந்து வங்கி தாளுக்குத் தங்கம் கொடுக்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்குப் பசி இன்னும் ஏறுச்சு.

1820-களில் அடித்த அரைக் கழுகுகள் ஏன் இவ்வளவு அபூர்வம்னு இப்போ புரியுதா? 1822 காசு பிறந்ததே உலை எரியும் நேரத்தில்.

24/
கடைசி அடி 1834-ல். தங்கம் வெளியே ஓடுறதை நிறுத்த, அமெரிக்காவே காசில் தங்கத்தைக் குறைத்தது. அரைக் கழுகில் சுத்தத் தங்கம் 123.75 கிரெயினிலிருந்து 116 கிரெயின். விகிதம் 15-லிருந்து ஏறக்குறைய 16.

நோக்கம் நல்லதுதான். ஆனா பழைய காசுக்கு என்ன ஆச்சு? ஒரே நாளில் 5 டாலர் காசு 5 டாலர் 33 சென்ட் தங்கம் ஆயிடுச்சு.

25/
வீட்டில் ஒரு பழைய அரைக் கழுகு வைத்திருந்தவர் அதை 5 டாலருக்குக் கடையில் கொடுப்பாரா? உருக்கக் கொண்டுபோய்க் கொடுத்தால் 33 சென்ட் கூடுதல். அதுவரைக்கும் தப்பித்த காசுகளும் வரிசையா உலைக்குப் போச்சு.

பழசு எது, புதுசு எதுன்னு காசாளருக்குத் தெரியணுமே? புதுக் காசில் கழுகின் தலைக்கு மேல் இருந்த லத்தீன் வாசகத்தை எடுத்துட்டாங்க. வாசகம் இருந்தா பழசு, உருக்கலாம். அந்த எழுத்தே மரணச் சான்றிதழ் மாதிரி ஆயிடுச்சு.

26/
இப்போ 4-ஆம் பதிவுக்குத் திரும்பிப் போங்க. 1795 காசு ஏன் பிழைத்தது? நாட்டின் முதல் தங்கக் காசுன்னு சிலர் எடுத்து வைத்தது ஒரு காரணம். 1822 காசுக்கு அப்படி ஒரு பெருமையும் கிடையாது. பத்தோடு பதினொன்று. யாரும் எடுத்து வைக்கலை.

27/
ஆக, ஒரு பழைய காசின் விலைக்கு முதல் கேள்வி: "எத்தனை பிழைச்சது?" நாணயச் சாலைக் கணக்கில் இருக்கும் எண் பிறப்புப் பதிவேடு மட்டும்தான்.

இரண்டாவது கேள்வி: "பிழைச்சது எந்த நிலைமையில் இருக்கு?" இங்கேதான் இன்னொரு டாக்டர் வர்றார்.

28/
பேரு வில்லியம் ஷெல்டன். மருத்துவமும் உளவியலும் படித்தவர். மனுஷ உடம்பை எக்டோமார்ஃப், மீசோமார்ஃப், எண்டோமார்ஃப்னு மூணா பிரிச்சாரே, ஜிம்மில் இன்றைக்கும் சொல்றாங்களே, அது இவர் வேலைதான். உடம்பை வைத்துக் குணத்தைச் சொல்லலாம்னு அவர் சொன்னதை அறிவியல் பிறகு தள்ளிவிட்டது.

29/
ஆனா அவர் செய்த இன்னொரு அளவுகோல் நின்னுடுச்சு. 1949-ல் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். காசின் நிலைமைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண். ஏன் 70? தேய்ந்துபோன 1794 சென்ட் ஒன்று 1 டாலர் என்றால், அதே காசு அருமையான நிலையில் 70 டாலர் என்கிற அன்றைய விலைக் கணக்கு.

அந்த விலைக் கணக்கு சீக்கிரமே செல்லாமப் போச்சு. எண் மட்டும் ஒட்டிக்கிட்டது. இன்றைக்குத் தங்கம், வெள்ளி எல்லாக் காசுக்கும் அதே 70-தான்.

30/
60-க்கு மேல் போனால் புழக்கத்தில் தேயாத காசு என்று அர்த்தம். 1986-க்குப் பிறகு தனி நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தர ஆரம்பித்தன. ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் விலை எங்கேயோ போகும்.

ஷெல்டன் கதையின் முடிவு? நியூயார்க்கின் நாணயவியல் சங்கத்தில் இருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கிட்டு, தன்னோட சுமாரான காசுகளை அந்த இடத்தில் வைத்தார். நூற்றுக்கு மேல். அவர் செத்த பிறகுதான் முழுசா வெளியே வந்தது. விவகாரம் 1990-களில் நீதிமன்றம் வரை போச்சு.

31/
நாணயம் பார்க்கிற அளவுகோலைக் கொடுத்தவருக்கே நாணயம் இல்லை. நல்ல தமிழ்ச் சொல்தான் அது, காசுக்கும் நேர்மைக்கும் ஒரே வார்த்தை.

32/
நிலைமையைப் பார்க்கும்போது அந்த அரத்தின் கோடுகள் திரும்ப வரும். கோடு எப்போ விழுந்தது? அச்சடிக்கும் முன்னால் நாணயச் சாலையில் விழுந்திருந்தால் அது பிறவி மச்சம். ரொம்பப் பெரிசா, முகத்தைக் கெடுக்கிற மாதிரி இருந்தால் விலை குறையும். மற்றபடி ஏத்துக்குவாங்க.

பிறகு விழுந்தது என்றால் காயம். எடுத்து நகையில் கோர்த்தது, வளையம் பற்றவைத்தது, பிறகு அதைச் சுரண்டி எடுத்தது. அந்தத் தழும்பு போகவே போகாது.

33/
எல்லாத்தையும் விட மோசம், பளபளன்னு இருக்கட்டும்னு தேய்ச்சு மெருகு போடுவது. இருநூறு வருஷத்து மேல்தோலைச் சுரண்டி எடுக்கிற வேலை அது. வெளிச்சத்தில் சாய்ச்சுப் பார்த்தால் மயிரிழைக் கோடுகள் தெரியும். மதிப்பெண்ணே கொடுக்காம "சுத்தம் செய்யப்பட்டது"ன்னு எழுதித் திருப்பிடுவாங்க.

பழங்காசு ஏதாவது கையில் கிடைத்தால் ஒரே ஒரு விதி: கழுவாதீங்க, தேய்க்காதீங்க. ஓரத்தில் பிடிங்க, அப்படியே வைங்க.

34/
மூணாவது கேள்வி: "நிஜமா?" இங்கே ஒரு பெரிய பொறி இருக்கு. கள்ளக் காசு என்றால் பித்தளையில் முலாம் பூசியது என்றுதான் நாம நினைப்போம். ஆனா காசின் விலை தங்க விலையை விடப் பல மடங்கு என்றால், போலி செய்யறவன் நல்ல 22 கேரட் தங்கத்திலேயே செய்யலாம். அப்பவும் அவனுக்கு லாபம்.

உரைகல்லில் தேறும். தராசிலும் தேறும். ஆனா காசு பொய்.

35/
அதனால தெரிஞ்சவங்க அச்சைப் பார்ப்பாங்க. அன்றைக்கு அச்சுகளைக் கையால் செய்தாங்க. ஒவ்வொரு நட்சத்திரமும் எழுத்தும் தனித்தனியா தட்டிப் பதித்தது. ஒரு அச்சில் நட்சத்திரம் தலைமுடியை உரசும், இன்னொன்றில் தள்ளி நிற்கும். அச்சு விரிசல் விட்டால் காசிலும் அந்தக் கோடு வரும். எந்தக் காசு எந்த அச்சில் பிறந்ததுன்னு ரேகை மாதிரிப் பிரித்து வைத்திருக்காங்க.

36/
காசில் இருக்கும் தேதியும் பொய் சொல்லலாம். அதுவும் அரசாங்கமே!

1834-ல் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசாக் கொடுக்க அமெரிக்கா எல்லா மதிப்பிலும் ஒரு காசுத் தொகுதி செய்தது. 10 டாலர் கழுகை நிறுத்தித்தான் முப்பது வருஷம் ஆச்சே? கடைசி வருஷமான 1804 என்ற தேதியையே போட்டு, புதுசா அச்சடிச்சாங்க.

37/
பரிசை எடுத்துப் போன தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் 1836-ல் சயாமில் கொடுத்துவிட்டு, மக்காவில் நோய் கண்டு இறந்தார். அந்தத் தொகுதி 1962-ல் வெளியே வந்தது.

பிறந்த தேதி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த "1804" கழுகுகளுக்குப் பெரிய விலை. ஏன்? எதுக்காக, யாருக்காக, எப்போ செய்தாங்கன்னு சந்தேகமில்லாத வரலாறு இருக்கு. நாலாவது கேள்வி அதுதான்: "இது இதுவரைக்கும் யார் யார் கையில் இருந்தது?"

38/
1822-இன் அந்த மூணு காசுக்கும் இந்தக் கேள்வியைப் போடுவோம்.

ஒண்ணு, நாணயச் சாலை தன் சொந்தச் சேமிப்பில் வைத்துக்கிட்டது. 1923-ல் அந்தச் சேமிப்பு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போச்சு.

இரண்டாவது, ஜோசையா லில்லி என்பவரிடம் இருந்தது. இன்சுலினைப் பெரிய அளவில் முதலில் தயாரித்த எலி லில்லி மருந்து நிறுவனக் குடும்பம். அவர் இறந்த பிறகு, ஆறாயிரத்துக்கு மேல் தங்கக் காசுகள் 1968-ல் ஸ்மித்சோனியனுக்கு வந்தன. பதிலுக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அவர் சொத்துக்கு 55 லட்சம் டாலர் வரிக்கழிவு கொடுத்தது.

39/
இரண்டும் அருங்காட்சியகத்தில். விற்பனைக்கு வராது. ஆக, தனியார் வாங்கக் கூடியது உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணு.

அது விர்ஜில் பிராண்ட் என்ற சிகாகோ பீர் ஆலைக்காரரின் பெரிய சேமிப்பில் இருந்தது. 1945-ல் லூயி எலியாஸ்பெர்க் என்ற பால்டிமோர் வங்கிக்காரர் 14,000 டாலருக்கு வாங்கினார். 1982-ல் 6,87,500 டாலர். 2016-ல் ஏலத்துக்கு வந்து விற்காமலே திரும்பிப் போச்சு. 2021-ல் 84 லட்சம்.

40/
இதைப் படிச்சதும் "ஆஹா, பழங்காசில் போட்டால் கோடிதான்"னு தோணும். கொஞ்சம் நில்லுங்க, கணக்குப் போடுவோம்.

1982-இன் 6,87,500 டாலர் 2021-இன் 84 லட்சம் ஆனது, கூட்டு வட்டியாப் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறரை சதவீதம். அதே 1982-ல் அமெரிக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரமே 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. காசுக்கு வட்டி கிடையாது. காப்பீடு, பெட்டகச் செலவு வேற. 84 லட்சத்தில் ஏலக் கம்பெனியின் பங்கும் அடக்கம்.

41/
அதுவும் இது உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணுன்னு பேர் வாங்கின காசு! பேர் வாங்காத மற்ற காசுகளின் கணக்கை யாரும் நமக்கு ஃபார்வர்டு செய்யறதில்லை.

பிழைச்சவனை மட்டும் பார்த்து வைத்தியத்தைப் புகழக் கூடாது. ரஷ் செய்த தப்பு அதுதான். ரத்தம் இறக்கியும் பிழைச்சவங்களைக் காட்டி "பாருங்க, என் வைத்தியம்"னார். செத்தவங்க வந்து சாட்சி சொல்லலை.

42/
"உங்க வீட்டில் பழைய காசு இருக்கா, லட்சம் தர்றோம்"னு வர்ற செய்திகளுக்கும் இதே மருந்துதான். 2021-ல் ரிசர்வ் வங்கியே தன் பேரில் வரும் இப்படிப்பட்ட அழைப்புகளை நம்பாதீங்கன்னு அறிக்கை விட்டது. முன்பணம், கமிஷன், வரின்னு யாராவது உங்ககிட்ட காசு கேட்டால், அங்கேயே போனை வைங்க.

43/
அப்போ பழங்காசு சேர்க்கவே கூடாதா? தாராளமா சேர்க்கலாம். பிடிச்சால் சேருங்க. இழந்தால் வலிக்காத பணத்தில் சேருங்க. காசு வாங்கும் முன்னால் அதைப் பற்றிய புத்தகத்தை வாங்குங்க. நாலு கேள்வி கேளுங்க: எத்தனை பிழைச்சது, எந்த நிலையில் இருக்கு, நிஜமா, யார் கையிலிருந்து வருது.

44/
அந்த 17,796 காசும் ஒரே உலையில் உருகி, ஒரே தராசில் நின்று, அரம் பட்டு, ஒரே மாதிரித்தான் வெளியே வந்தன. எதுவும் அன்றைக்குச் சிறந்த காசு இல்லை. 5 டாலருக்கு 5 டாலர் 33 சென்ட் கிடைக்கும்னு ஊரே ஓடினபோது, மூணு காசு மட்டும் ஓடாம யார் கையிலோ தங்கிடுச்சு. அந்த யாரோ விட்டுக்கொடுத்தது வெறும் 33 சென்ட் லாபம்.

84 லட்சம் டாலர் அந்த 33 சென்ட்டின் விலை.

45/
ஏடிஸ் கொசு இன்னும் நம்ம ஊர்லதான் இருக்கு. வாளித் தண்ணியை மூடி வைங்க. 🙏